வெனீர் வைக்கலாமா, வேண்டாமா: முடிவெடுக்கும் முன் ஏற வேண்டிய படிகள்

"வெனீர்" என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது, பல்லுக்கு வெந்நீர் வைத்துக் கொப்பளிக்கச் சொல்கிறார்கள் என்றே என் தாயார் எண்ணிக்கொண்டார். வெந்நீர் சற்று நேரத்தில் ஆறிவிடும். வெனீருக்காகச் சீவிய பல் ஆறுவதில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

நான் பல் மருத்துவன் அல்லன். திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழுப்புத் திட்டுப் படிந்த முன்பற்களோடு வளர்ந்து, முப்பது வயதுக்குமேல் அவற்றைச் சரிசெய்ய முனைந்து, வேலூரில் மூன்று மருத்துவர்களைப் பார்த்து, ஏறத்தாழ ஓராண்டு யோசித்த பிறகு வெனீர் வேண்டாம் என்று முடிவு செய்தவன். அதே ஆண்டில் என் தங்கை நான்கு பற்களுக்கு வெனீர் வைத்துக்கொண்டாள். இன்றும் மனநிறைவோடு இருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே தண்ணீரைக் குடித்து வளர்ந்த இருவர் எதிரெதிர் முடிவுகளை எடுத்தோம். இரண்டும் சரியான முடிவுகளே என்று கருதுகிறேன். அந்த முடிவுகளுக்கு எங்களைக் கொண்டு சேர்த்த படிகளைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: எதை ஒட்டுகிறார்கள், எதை எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெனீர் என்பது முன்பல்லின் வெளிமுகத்தில் ஒட்டப்படும் மெல்லிய ஓடு. பீங்கானில் செய்தால் அதன் கனம் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்கும். கை நகத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஓடு உதட்டை முன்தள்ளாமல் இயல்பாக உட்கார வேண்டும் என்பதற்காக, பெரும்பாலான பற்களில் ஏறத்தாழ அதே அளவுக்கு மேற்பரப்பைச் சீவி எடுக்கிறார்கள். சீவப்படுவது எனாமல், அதாவது நம் பள்ளிப் பாடநூல்கள் பற்சிப்பி என்று சொல்லும் கடின உறை. அதை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், ஒருமுறை போன எனாமல் மீண்டும் வளராது. ஆகவே வெனீரைப் "போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்" என்று எவரேனும் சொன்னால் அதில் பாதிதான் உண்மை: ஓட்டை எடுத்துவிடலாம், ஆனால் அதன் அடியில் பழைய பல் இருக்காது. வாழ்நாள் முழுவதும் அந்தப் பல்லுக்கு ஏதோ ஒரு மூடி தேவைப்படும்.

எனாமல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை வெனீரின் வரலாறே காட்டும். 1930களை ஒட்டி ஹாலிவுட்டில் நடிகர்களின் பற்களுக்குப் பொய்யான முகப்பைச் செய்து கொடுத்தவர் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர். அவற்றை நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லாததால், படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். 1955இல் மைக்கேல் போனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை மெல்ல அரித்தால் பிசின் அதில் உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்த பிறகே இன்றைய வெனீர் நிலைத்தது. அந்தப் பிடிப்பு எனாமலின்மீது மிக வலுவாகவும், அதன் அடியில் உள்ள டென்டீன் என்ற மஞ்சள் படலத்தின்மீது வலுக்குறைவாகவும் இருக்கும். மேல் முன்பல்லின் ஈறோரத்தில் எனாமலின் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான்; சில இடங்களில் அதற்கும் குறைவு. சீவும் கை கொஞ்சம் தாராளமாகப் போனாலே டென்டீன் தலைகாட்டிவிடும்; பல் கூச்சமும், ஓடு கழன்று விழும் வாய்ப்பும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே "எத்தனை வெள்ளையாகும்?" என்ற கேள்விக்கு முன்பாகவே, "டாக்டர், எனாமலுக்குள்ளேயே நிறுத்திக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

வெனீரும் கேப்பும் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கேப் பல்லை நான்கு பக்கமும் சுற்றி மூடுவது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, வெனீருக்காக வெளியே தெரியும் பல் பகுதியில் நூற்றுக்கு 3 முதல் 30 பங்கு வரை நீக்கப்படுவதாகவும், முழு கேப்புக்காக 63 முதல் 72 பங்கு வரை நீக்கப்படுவதாகவும் அளந்து காட்டியது. வெனீர் என்ற பெயரைச் சொல்லிவிட்டு, நல்ல பல்லை முளைக்குச்சி போலச் சீவிக் கேப் மாட்டிவிடும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. உங்கள் சிகிச்சைத் திட்டத்தில் எழுதியிருப்பது எது என்பதை எழுத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உங்களை உறுத்துவது எது, அதன் காரணம் என்ன

பெரும்பாலோர் தவறு செய்வது இந்தப் படியில்தான். "பல் அசிங்கமாக இருக்கிறது" என்பது குறை. அது நோயறிதல் ஆகாது. ஒரே பழுப்பு நிறத்துக்கு ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து.

வட ஆற்காட்டில் முதலில் நினைக்க வேண்டியது தண்ணீரை. இப்பகுதியின் அடியில் இருப்பவை கிரானைட்டும் நைசும் போன்ற கடினப் பாறைகள். அவற்றின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. பாலாறு மணலாகவே கிடக்கும் ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறுகளை இன்னும் ஆழமாகத் தோண்டி, பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீரை நாம் குடிக்க நேர்ந்தது. இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. திருப்பத்தூர், வாணியம்பாடி வட்டாரங்களின் சில ஊர்களில் கிணற்று நீர் இந்த வரம்பைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த நீரைக் குழந்தைப் பருவத்தில், அதாவது பற்கள் தாடைக்குள் உருவாகும் ஏழெட்டு வயது வரை, குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெள்ளைக் கோடும், சுண்ணாம்புத் திட்டும், பழுப்பும் வருகின்றன. பல் முளைக்கும்போது வெண்மையாகவே இருக்கும். நுண்துளை நிறைந்த அந்த எனாமல் பின்னர் நிறத்தை உறிஞ்சிக்கொள்வதால் பழுப்பு மெல்ல மெல்ல ஏறும். விளக்காமல் விட்டதால் வந்த கறை என்று பள்ளியில் ஆசிரியர் கண்டித்த பிள்ளைகளில் நானும் ஒருவன். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஏனெனில் அது பல்லின்மேல் ஒட்டிய கறையன்று, பல்லுக்குள்ளேயே அமைந்த குறை.

ஃபுளோரைடு மிகுதியால் வரும் இந்தக் குறைக்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். அதுதான் என்று உறுதியானால் எந்த அளவில் இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1942இல் வகுத்த வரிசை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஐயத்துக்குரியது, மிக லேசானது, லேசானது, மிதமானது, கடுமையானது. லேசான நிலைக்கும், பல்லில் குழி விழுந்து எனாமலே உதிரும் கடுமையான நிலைக்கும் சிகிச்சை ஒன்றாக இருக்க முடியாது. என்னுடையது லேசுக்கும் மிதத்துக்கும் இடையே நின்றது. தங்கைக்கு மேல்வரிசை நடுப்பற்களில் குழியே விழுந்திருந்தது. எங்கள் முடிவுகள் பிரிந்ததற்கு வேர் இதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. உங்கள் பற்களுக்கு ஃபுளோரோசிஸ் என்று தெரிந்ததும், அதே கிணற்று நீரைக் குடிக்கும் சிறு குழந்தை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பகுப்பாய்வுக் கூடத்தில் நீரைச் சோதித்துக்கொள்ளலாம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால், சமையலுக்கும் குடிப்பதற்கும் அதையே வைத்துக்கொண்டு, கிணற்று நீரைத் துவைக்கவும் கழுவவும் விட்டுவிடுங்கள். உங்கள் வெனீரைக் காட்டிலும் இது அவசரமானது.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். வெற்றிலை பாக்கு, பீடி, தேநீர் ஆகியவற்றின் காவி பல்லின் மேற்பரப்பில் மட்டும் படிவது. பல் மருத்துவமனையில் ஒருமுறை கிளீனிங் செய்தாலே பெரும்பகுதி போய்விடும். ஒரே ஒரு பல் மட்டும் கருத்துக் கிடந்தால், சிறு வயதில் விழுந்து அடிபட்டு அதன் நரம்பு செத்திருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவையானால் வேர்ச் சிகிச்சை செய்து, உள்ளிருந்தே வெளுக்க வைக்க முடியும். குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்குச் சாம்பலும் பழுப்புமான பட்டைகள் குறுக்கே ஓடும். இதை வெளுக்க வைப்பது மிகக் கடினம். பற்கள் கோணலாக இருப்பதுதான் குறை என்றால் அது கிளிப்பின் வேலை. கோணல் பல்லைச் சீவிச் சீவி நேராகக் காட்டுவதற்காக வெனீர் வைப்பது, சாய்ந்த சுவரைப் பூச்சால் நிமிர்த்துவதற்குச் சமம். தெத்துப்பல்லை அழகென்று சொல்லும் நம் ஊரில், அதை ஏன் மாற்ற வேண்டும் என்று ஒருமுறை கண்ணாடியிடமும் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: வாய் அதற்குத் தயாராக இருக்கிறதா

ஈற்றில் இரத்தம் கசிந்தாலோ, சொத்தை இருந்தாலோ முதலில் அவை ஆற வேண்டும். வீங்கிய ஈறு வற்றியதும் அதன் விளிம்பு மேலேறும். அதற்கு முன்பே ஓடு ஒட்டினால், சில மாதங்களில் ஓட்டின் ஓரம் கோடாகத் தெரியும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஈறும் தாடையும் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் என்பதால், நல்ல மருத்துவர்கள் பொதுவாகக் காத்திருக்கவே சொல்வார்கள்.

அடுத்தது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம். காலையில் தாடை வலி, காதோரத்தில் இறுக்கம், தட்டையாகத் தேய்ந்த பல் நுனி ஆகியவை அதன் அடையாளங்கள். உடன் தூங்குபவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் வளைவதைத் தாங்காது. இரவில் கடிப்பவர் இரவுக் கவசம் அணியும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்திக்கொள்ளாமல் வெனீர் வைத்தால், அது உடைவதற்கு நாள் குறித்துவிட்டது போலத்தான்.

தொழிற்பழக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆம்பூர், இராணிப்பேட்டைக் காலணி ஆலைகளில் தைப்பவரானாலும், குடியாத்தத்தில் தறியில் உட்காருபவரானாலும், வீட்டில் ரவிக்கை தைப்பவரானாலும், நூலை முன்பல்லால் கடித்தறுக்கும் வழக்கம் கைவந்ததாக இருக்கும். அந்த இடத்தில்தான் ஓட்டின் நுனி முதலில் சில்லு பெயரும். என் தங்கை தையற்காரி. கழுத்தில் ஒரு சிறு கத்தரியை நூலில் கோத்து மாட்டிக்கொண்டு மூன்று மாதம் பழகிய பிறகே பல்லைச் சீவ ஒப்புக்கொண்டாள். ஹான்ஸ், பாக்கு போடும் பழக்கம் உள்ளவர்கள் வாய் முழுதாகத் திறக்கிறதா, உட்கன்னம் வெளுத்து இறுகியிருக்கிறதா என்று முதலில் காட்டியாக வேண்டும். அங்கே அழகு பற்றிய பேச்சே இரண்டாம்பட்சம்.

நான்காம் படி: குறைவாக எடுக்கும் வழிகளை முதலில் முயலுங்கள்

என் கருத்தில் இந்த வழிகாட்டியின் நடுவீடு இதுதான். கீழே சொல்லும் முறைகள், பல்லிலிருந்து எதையும் எடுக்காததில் தொடங்கி, மேலும் மேலும் எடுப்பதை நோக்கிப் போகின்றன. ஒரு படியில் நின்று கண்ணாடியைப் பார்த்து "போதும்" என்று தோன்றினால், அங்கேயே நின்றுவிடலாம்.

கிளீனிங் செய்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். நீங்கள் மறைக்க நினைத்ததில் எவ்வளவு உங்கள் பல், எவ்வளவு தேநீர் என்பது அப்போது தெரியும்.

அதன்பின் பிளீச்சிங். பல்லுக்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில், 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு களிம்பை வைத்து இரவில் அணிந்துகொள்ளும் முறை 1989 முதல் நூல்களில் பதிவாகி, நன்கு சோதிக்கப்பட்ட ஒன்று. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலன் தெரியும். சிறிது பல் கூச்சம் வரும், பெரும்பாலும் தானே தணியும். ஃபுளோரோசிஸ் திட்டு உள்ளவர்களுக்கு முதல் சில நாள்களில் வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சென்று தெரிந்து அச்சமூட்டும். சுற்றியுள்ள எனாமலும் வெளுத்த பிறகு வேறுபாடு குறையும். பிளீச்சிங் முடிந்த உடனே எதையும் ஒட்டக் கூடாது. பல்லில் தங்கிய ஆக்சிஜன் பிசினை இறுக விடாது, நிறமும் நிலைகொள்ளாது. இரண்டு வாரமாவது விட வேண்டும். பின்னால் வெனீர் வைக்கத்தான் போகிறீர்கள் என்றாலும் பிளீச்சிங் முன்னதாகவே முடிய வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பீங்கான் எந்தக் களிம்புக்கும் வெளுக்காது, பக்கத்துப் பற்கள் மட்டுமே வெளுக்கும்.

மேற்பரப்பில் மட்டும் இருக்கும் பழுப்புக்கு மைக்ரோஅப்ரேஷன் என்ற முறை இருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு நுரைக்கல் பொடியைக் கலந்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு எனாமலைத் தேய்த்தெடுப்பது அது. இதுவும் எடுப்பதுதான், ஆனால் வெனீருக்காக எடுப்பதில் ஒரு சிறு பகுதி. பழுப்பு நிறத்துக்கு இது நன்றாகக் கேட்கும். ஆழத்தில் உள்ள வெள்ளைத் திட்டுக்கு அவ்வளவாகக் கேட்காது. அத்தகைய வெள்ளைத் திட்டுக்கு, நுண்துளைகளுக்குள் நீர்போன்ற பிசினைப் பரவவிட்டு ஒளியால் இறுகச் செய்யும் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் உதவும்.

இவற்றுக்குப் பிறகும் குழி, உடைந்த நுனி, சந்து ஆகியவை மிஞ்சினால், கம்போசிட் பூச்சு. பல் நிறப் பிசினை மருத்துவரே நேரடியாகப் பல்லில் படலம் படலமாக வைத்து உருவாக்குவார். பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். பல்லைச் சீவுவது மிகக் குறைவு, சில நேரம் தேவையே இல்லை. கறை ஏறும், பளபளப்பு மங்கும், ஐந்தாண்டு அளவில் செப்பனிட வேண்டிவரும். ஆனால் அதை நீக்கினால் அடியில் உங்கள் பல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

நான் பிளீச்சிங்கும் மைக்ரோஅப்ரேஷனும் செய்துகொண்டு, இரண்டு பற்களுக்கு மட்டும் கம்போசிட் வைத்ததோடு நின்றுவிட்டேன். முற்றிலும் வெள்ளையாகிவிடவில்லை, ஒளியில் உற்றுப் பார்த்தால் இரண்டு மேகத் திட்டு தெரியும். அதை உற்றுப் பார்க்கும் அளவுக்கு நெருங்கி வருபவர்கள் மிகச் சிலரே. அவர்கள் ஏற்கெனவே என்னைத் தெரிந்தவர்கள்.

தங்கைக்கு இந்தப் படிகள் போதவில்லை. குழியில் வைத்த கம்போசிட் இருமுறை பெயர்ந்தது. ஃபுளோரோசிஸ் எனாமலின் மேற்படலம் அமிலத்தை எதிர்ப்பதால், ஒட்டுவதற்கு முன் அதைக் கூடுதல் நேரம் அரிக்கவோ மேலோடு மட்டும் சற்றுத் தேய்க்கவோ வேண்டும் என்பதை இரண்டாவது மருத்துவர்தான் விளக்கினார். நம் பகுதியில் இந்தப் பல்லைப் பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைப்பது ஒரு வசதி. அதைக் கேட்டறிந்து பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எந்தப் பொருள்

இங்கே அதிகம் குழம்ப வேண்டியதில்லை. ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் மிக மெல்லியது, மிக அழகானது, ஆனால் வலுக்குறைந்தது. லித்தியம் டைசிலிகேட் அதைவிடப் பல மடங்கு வலுவுள்ள கண்ணாடிப் பீங்கான். இன்று பெரும்பாலோர் வைப்பது இதைத்தான். சிர்கோனியா கேப்புக்கு நல்ல பொருள். ஆனால் அமிலத்தால் அரித்து ஒட்டும் வழக்கமான முறை அதனிடம் பலிக்காது. ஆகவே வெனீருக்குச் சிர்கோனியா என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடிப்பல் மிகவும் கருத்திருந்தால் மெல்லிய ஓட்டின் வழியே அந்நிறம் ஊடுருவித் தெரியும். அதை மறைக்கக் கனம் கூட்ட வேண்டும், கனம் கூட்டினால் கூடுதலாகச் சீவ வேண்டும். பிளீச்சிங்கை முன்னால் வைத்ததற்கு இது இன்னொரு காரணம்.

ஆறாம் படி: யாரிடம், என்ன கேட்பது

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே காசு கொடுத்துப் பல்லையே வாங்குகிறோம். பிடித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் வந்த காலம் முதல், பதிவு பெற்ற பல் மருத்துவர் மட்டுமே இவ்வேலையைச் செய்யலாம். பதிவெண் சுவரில் மாட்டியிருக்கும், இல்லாவிட்டால் கேட்கலாம். அழகு நிலையத்தில் ஓடு ஒட்டித் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பி.டி.எஸ். படித்தவர்களிலும் இதில் தேர்ந்த கைகள் உண்டு. எனினும் செயற்கைப் பல் துறையிலோ, பல் பாதுகாப்பு மற்றும் வேர்ச் சிகிச்சைத் துறையிலோ எம்.டி.எஸ். முடித்தவர்களுக்கு இது பாடத்தின் மையப் பகுதி.

நான் முதலில் போன இடத்தில், வாயைத் திறந்த இரண்டு நிமிடத்தில் "மேலே பத்துப் பல்லுக்கும் போட்டுவிடலாம், தவணையில் கட்டலாம்" என்றார்கள். எக்ஸ்ரே இல்லை; தண்ணீர் பற்றிய கேள்வியும் இல்லை; பிளீச்சிங் என்ற சொல்லும் வரவில்லை. அவர்கள் சொன்னது தவறென்று நிறுவ அன்று எனக்கு அறிவு போதாது. அவசரம் மட்டும் உறுத்தியது. இரண்டாவது கருத்துக் கேட்பது வேலூரில் எளிது. 1900இல் ஒற்றைப் படுக்கை மருத்துவமனையாகத் தொடங்கிய சி.எம்.சி.யில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். காட்பாடியில் இரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடலாம். சிகிச்சையை அங்கேயே செய்துகொள்ள வேண்டியதில்லை. நோயறிதலை மட்டும் சரிபார்த்துக்கொண்டாலும் போதும்.

கேட்க வேண்டியவை: எத்தனை பல், ஏன் அத்தனை பல்? ஒவ்வொன்றிலும் எவ்வளவு சீவுவீர்கள்? சீவாமலோ குறைவாகச் சீவியோ செய்ய முடியாதா? நீங்கள் வைத்து ஐந்தாண்டு ஆன ஒருவரின் படத்தைக் காட்ட முடியுமா? உடைந்தால் யார் செலவு? வைத்த அன்று எடுத்த படத்தில் எல்லா வெனீரும் அழகுதான். ஐந்தாம் ஆண்டுப் படத்தில் ஈறோரத்தைப் பாருங்கள்.

ஏழாம் படி: ஒத்திகை பார்க்காமல் அரங்கேற்றம் வேண்டாம்

பல்லைத் தொடுவதற்கு முன், அச்சின்மேல் மெழுகால் புதிய வடிவத்தைச் செய்து, அதைத் தற்காலிகப் பிசினால் உங்கள் வாயிலேயே மாதிரியாக வைத்துக் காட்ட முடியும். மாக்கப் என்பார்கள். சீவாத பல்லின் மேலேயே வைப்பதால் சற்றுப் பருமனாகத் தோன்றும். ஆனால் நீளம், அகலம், சிரிக்கும்போது உதட்டின் கோடு ஆகியவை தெரிந்துவிடும். இதைச் செய்யாத இடத்தில் வெனீர் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மாதிரி வாயில் இருக்கும்போது பேசிப் பாருங்கள். முன்பல்லின் நீளம் கூடினால் முதலில் தடுமாறுவது "வ" என்ற எழுத்து; மேற்பல் நுனி கீழுதட்டைத் தொடும் நிலையில் பிறக்கும் ஒலி அது. ஆங்கில நாடுகளில் இதற்கென்று ஐம்பதிலிருந்து எண்ணச் சொல்வார்கள். நமக்கு ஊர்ப் பெயர்களே போதும்: வேலூர், வாணியம்பாடி, வாலாஜாபேட்டை, விரிஞ்சிபுரம். நாலையும் வேகமாக நாலு முறை சொல்லுங்கள். பல் உதட்டில் இடறினால் நுனியைக் குறைக்கச் சொல்லுங்கள். தங்கை வாணியம்பாடியில் தடுக்கி விழுந்தாள். அரை மில்லிமீட்டர் குறைத்ததும் சரியாயிற்று.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், சன்னல் அருகே, உதட்டுச் சாயம் இல்லாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டையில் உள்ளதிலேயே மிக வெள்ளையான துண்டைக் காட்டி "இதுதான் வேண்டும்" என்பது எல்லோருக்கும் வரும் ஆசை. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் பல் இயல்பாகவே பளிச்சென்று தெரியும். அதற்குமேல் சுண்ணாம்பு வெள்ளை வைத்தால், ஆள் வருவதற்கு முன் பல் வரும். கண்ணின் வெண்விழியைவிட வெண்மையாகப் போக வேண்டாம் என்ற பழைய அளவுகோல் எனக்குச் சரியாகப் படுகிறது. மாதிரியோடு ஒரு படம் எடுத்து, வீட்டாருக்குக் காட்டி, ஒரு வாரம் கழித்து முடிவு சொல்லுங்கள்.

எட்டாம் படி: நாளும் காசும்

நம் பக்கத்தில் வெனீரைத் தேடி வருபவர்களில் பலர் கலியாணத்தை முன்வைத்தே வருகிறார்கள். கிளீனிங், பிளீச்சிங், அதன்பின் இரண்டு வார இடைவெளி, மாதிரி, சீவுதல், ஆய்வகத்தில் ஓடு செய்ய ஓரிரு வாரம், ஒட்டுதல், பின் ஒரு சரிபார்ப்பு என்று கணக்கிட்டால் இரண்டரை மூன்று மாதம் ஆகிவிடும். தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியிலேயே தொடங்க வேண்டும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வருபவர் கிளீனிங்கோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. இன்னொன்றும் உண்டு: பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைச் சொன்னார்கள் என்பதற்காகப் பல்லைச் சீவ வரும் இளம்பெண்ணிடம், "உனக்கு இது வேண்டுமா, அம்மா?" என்று தனியாகக் கேட்கும் மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

செலவை ஒருமுறைச் செலவாக எண்ணக் கூடாது. நல்ல கையால் எனாமலில் ஒட்டிய பீங்கான் வெனீர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பத்தாண்டைக் கடந்து நிற்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. நல்ல செய்திதான். ஆனால் வைத்துக்கொள்பவருக்கு வயது இருபத்தைந்து என்றால், எழுபது வரை இன்னும் நாற்பத்தைந்து ஆண்டு இருக்கிறது. ஓர் ஓடு பதினைந்தாண்டு உழைத்தாலும் முதல் முறை உட்பட மூன்று முறை செய்ய வேண்டிவரும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அடியிலிருந்து இன்னும் கொஞ்சம் பல் போகும். ஆகவே மருத்துவர் சொன்ன தொகையை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். அதன்பிறகும் வேண்டுமென்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். அழகுக்கான சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கைகொடுக்காது. ஆறு பல்லுக்குச் சொன்னதை நான்காகக் குறைக்க முடியுமா என்று கேட்பது பேரமன்று. அந்த இரண்டு பற்களின் எனாமலைக் காப்பது.

ஒன்பதாம் படி: வைத்த பிறகு

ஓட்டுக்குச் சொத்தை வராது. ஓட்டின் ஓரத்தில் பல்லுக்கு வரும். ஆகவே இருவேளைத் துலக்கலும், பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்வதும் முன்பைவிடக் கூடுதலாக வேண்டும். கரித்தூள், உப்பு, செங்கற்பொடி எதுவும் வேண்டாம்; கம்போசிட்டின் பளபளப்பை முதலில் தின்பவை இவையே. வேறு மருத்துவரிடம் கிளீனிங்குக்குப் போனால் வெனீர் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமிலம் கலந்த சில ஃபுளோரைடு களிம்புகள் பீங்கானின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும், கிளீனிங் கருவியின் முனை ஓரத்தில் பட்டால் சில்லு பெயரும்.

சாப்பாட்டில் தடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆம்பூர் பிரியாணியை விட்டுவிட வேண்டியதில்லை. எலும்பை மட்டும் முன்பல்லால் இழுக்காமல் கடைவாய்க்கு அனுப்புங்கள். ஆற்காடு மக்கன் பேடாவால் எந்தத் தொல்லையும் இல்லை. பொங்கல் கரும்பைக் கத்தியால் துண்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சோடா மூடி, தலைமுடி ஊசி, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைப் பல்லால் திறப்பது வெனீர் இல்லாதவருக்கும் ஆகாது.

ஓடு என்றேனும் கழன்று கையோடு வந்துவிட்டால் பதற வேண்டாம். அதைத் தூக்கியெறியவும் வேண்டாம். உடையாமல் முழுதாக வந்திருந்தால் பெரும்பாலும் அதையே சுத்தம் செய்து மீண்டும் ஒட்ட முடியும். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். அது உட்பரப்பைக் கெடுத்து, மருத்துவர் ஒட்டும் வழியையும் அடைத்துவிடும். தங்கைக்கு இரண்டாம் ஆண்டில் ஒன்று கழன்றது. மூக்குத்தி வைக்கும் சிறு டப்பாவில் பஞ்சு வைத்து, அதில் அந்த ஓட்டை வைத்து, காலை முதல் பேருந்தில் வேலூருக்கு எடுத்துச் சென்றாள். மதியத்துக்குள் அது பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டது.